பக்கக் கால்வாயை அடைத்த மத்தியானம்

கான்கிரீட் பீய்ச்சுகிற நாளில் நான் காலையில் எதுவும் சாப்பிடுவதில்லை சார். வயிறு நிறைந்திருந்தால் குழாய் பிடிக்கும் கை ஆடும்.

திருவொற்றியூரில் தரைக்கடியில் ஓடும் பழைய மழைநீர்க் கால்வாய்க்குப் புதுச் சுவர் போட்டுக்கொண்டிருந்தோம். கம்பி வலை கட்டி, காற்றழுத்தத்தில் கலவையைப் பீய்ச்சினால் அப்படியே ஒட்டி இறுகிவிடும். பதினோரு வருஷம் குழாய் இழுத்த பிறகுதான் அதன் நுனியை என் கையில் கொடுத்தார்கள்.

காலித் பாய் சுவரைச் சோதிப்பவர். சுத்தியலால் தட்டுவார். வெறும் பானையைத் தட்டியது போலக் கேட்டால் சாக்பீஸால் வட்டம் போடுவார். "இன்னா தேவா, உள்ள காலியா கீது. ஒடச்சிட்டு இன்னொரு தபா அடி நைனா" என்று எல்லோர் முன்னாலும் சிரிப்பார். ஒரே வாரத்தில் பதினாறு வட்டம். இன்னும் ஒன்று விழுந்தால் பழையபடி குழாய் இழுக்கப் போகலாம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுச் சுவரையெல்லாம் விரலால் தட்டிக்கொண்டே திரிந்தேன். என் மனைவி தங்கபுஷ்பம் பயந்துபோய்க் கொருக்குப்பேட்டையில் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை, பயன்படாத பக்கக் கால்வாய் ஒன்றின் வாயை அடைக்க வேண்டியிருந்தது. தகரம் நிறுத்தி வலை கட்டியாகிவிட்டது, ஓர் ஆள் நுழையும் சந்து மட்டும் பாக்கி. "தண்ணி கசியுதான்னு பாத்துகினு வந்துடறேன், அடிச்சிடாத" என்று காலித் பாய் அதற்குள் போனார். மேலே பம்பு ஓட்டுபவரைத் தவிர எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் சந்தில் தகரத்தை வைத்து, வலையை இழுத்துக் கட்டி, பம்புக்கு மணி அடித்தேன்.

கம்பிக்குப் பின்னால் காலியிடம் விழாமல் கிட்ட நின்று, பொறுமையாக அடித்தேன். அவ்வளவு நல்ல சுவரை நான் அதுவரை அடித்ததில்லை. பம்பை நிறுத்தியதும் உள்ளே சுத்தியல் சத்தம் கேட்டது. கலவை அப்போது முழுசாக இறுகவில்லை, வலையை அறுத்திருந்தால் வெளியே வந்திருப்பார். அறுக்கலாமா என்றுகூட நான் யோசிக்கவில்லை. சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். ஆட்கள் திரும்பி வரும் பேச்சுக் குரல் கேட்டதும் சுத்தியல் சத்தம் அவர்கள் காதில் விழாதபடி மறுபடி மணி அடித்து இரண்டாம் பூச்சு பீய்ச்சினேன்.

காலித் பாய் உள்ளேயிருந்து அரைமணி நேரம், ஒரு மூலை விடாமல் தட்டிப் பார்த்தார் சார். ஒரு குறைகூடச் சொல்லவில்லை.