மயில் துப்பாக்கியின் கோல்

1974ஆம் வருடம் அக்டோபர் மாதம் 19ஆம் தேதி பகல் பதினொன்றரை மணிக்கு, கொல்லங்கோடு காவல் நிலையத்தில் எஸ்.ஐ. முன்பாகச் சொன்னது. சொல்பவருக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது என்பதால் ஹெட் கான்ஸ்டபிள் அமிர்தநாதன் தமிழில் எழுதியது.

பெயர்: சென்னிமலை ஆசாரி. தகப்பனார் பெயர்: அங்கமுத்து ஆசாரி. வயது: 47. தொழில்: பித்தளை, வெள்ளி பதிக்கும் வேலை. இருப்பு: கம்மாளர் வீதி, கொல்லங்கோடு.

நான் மேற்படி விலாசத்தில் என் மனைவி பழனாத்தாளுடன் குடியிருந்து வருகிறேன். நகைப்பெட்டி, கதவு, துப்பாக்கிக் கட்டை இவற்றில் பித்தளையும் வெள்ளியும் பதித்துக் கொடுப்பது என் பிழைப்பு. துப்பாக்கி செய்யவோ பழுது பார்க்கவோ எனக்குத் தெரியாது. என்னை யாரும் அழைத்து வரவில்லை, நானாகத்தான் வந்தேன்.

இறந்துபோன வெள்ளிங்கிரி எனக்குப் பத்து வருடப் பழக்கம். மலையடிவாரத்தில் கடலைக்காடு வைத்திருந்தார். பன்றித் தொல்லைக்காகப் பயிர்க்காவல் லைசன்ஸில் ஒரு கேப்புத் துப்பாக்கி இருந்தது. குழல் வாய் வழியாக மருந்தும் ரவையும் போட்டு, கோலால் இடித்து, பின்பக்கம் கேப்பு வைத்துச் சுடுகிற பழைய சாதி. கெட்ட மனிதர் இல்லை, டம்பம் மட்டும் கொஞ்சம் கூடுதல்.

சென்ற மாதம் 28ஆம் தேதி காலை வெள்ளிங்கிரியும் அவர் மனைவி மருதாத்தாளும் துப்பாக்கியோடு என் வீட்டுக்கு வந்தார்கள். கட்டையின் இரண்டு பக்கமும் வெள்ளியில் மயிலும், கட்டை நுனிக்குப் பித்தளை உறையும் வேண்டும் என்று அவர் சொன்னார். அதன்பிறகு மருதாத்தாள், துப்பாக்கியை என் கையில் கொடுக்குமுன், குழலுக்கு அடியில் செருகியிருந்த கோலை உருவிக் குழலுக்குள் விட்டு, வாயைப் பெருவிரலால் தடவிப் பார்த்தாள். "வெறுங்கொழலுங்க. நீங்களும் ஒருக்கா பாத்துக்கங்க" என்றாள். "அம்மிணி துப்பாக்கிக்கு நாடி பாக்குது" என்று நான் கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை. அவர்தான் சிரித்தார். காட்டிலிருந்து அவர் வந்ததும் கோல் விட்டுப் பார்க்காமல் அவள் துப்பாக்கியை ஆணியில் மாட்டியதே இல்லை என்றும், குருடிகூட அப்படித் தடவமாட்டாள் என்றும் சொன்னார்.

நானும் கோல் விட்டுப் பார்த்தேன். கோல் தலை குழல் வாய்க்குச் சமமாக நின்றது. அப்படி நின்றால் உள்ளே ஒன்றும் இல்லை என்று அர்த்தம். மருந்து இருந்தால் கோல் மூன்று விரற்கடை வெளியே நிற்கும். துப்பாக்கியைத் தொடுகிற எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்ல வரவில்லை.

அதன்பிறகு வெள்ளிங்கிரி வெள்ளிக்காக மடியிலிருந்து ஒரு ஜோடித் தண்டையை எடுத்து வைத்தார். மருதாத்தாள் தண்டையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், வெளியே போய் நின்றாள். யாருடைய தண்டை என்று நான் கேட்டிருக்க வேண்டும். மயில் செய்கிற ஆசையில் கேட்கவில்லை.

இம்மாதம் 5ஆம் தேதி மாட்டு மணி விற்க வேலந்தாவளம் சந்தைக்குப் போனேன். அங்கே அவர்களும் இருந்தார்கள். அவள் எல்லோர் காதிலும் விழ, "எங்காத்தா போட்ட தண்டையக் கொண்டுபோய் உருக்கறதுக்குக் குடுத்திருக்கறயே, அந்தத் துப்பாக்கியே ஒரு நாளைக்கு உன்னயத் திங்கும் பாரு" என்று சத்தம் போட்டாள். இதைக் கேட்டவர்கள் இப்போது சாட்சி சொல்லியிருப்பதாக அறிகிறேன். நானும் கேட்டேன். ஆனால் அன்று சாயங்காலம் இருவரும் ஒரே பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து, ஒரு பொட்டலம் பொரியைப் பங்கு போட்டுத் தின்றுகொண்டு ஊர் திரும்பியதையும் பார்த்தேன். அதை யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

அதன்பிறகு வேலையை முடித்தேன். வெள்ளியைத் தகடாக அடித்து, மயிலை அறுத்து, கட்டையில் அதே வடிவத்துக்குக் குழி வெட்டி, அரக்கு வைத்து இறக்கி, குண்டூசி கனத்தில் வெள்ளி ஆணி அடித்து அராவினேன். கண்ணை மூடித் தடவினால் மரம் எங்கே முடிகிறது, வெள்ளி எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. குழலுக்கு அடியில் போகிற கட்டை நுனிக்குப் பித்தளை உறையும் போட்டேன். அப்போது, செருகியிருந்த கோலின் தலை அந்த உறையைத் தாண்டி மூன்று விரற்கடை நீட்டிக்கொண்டு நின்றது. அந்தத் தலை பிளந்து, எண்ணெய் ஏறிக் கறுத்திருந்தது. இவ்வளவு வேலைக்கு முன்னால் அது என் கண்ணை உறுத்தியது. அதில் சரியாக மூன்று விரற்கடை கீழே கத்தியால் கீறிய ஒரு தழும்பு இருந்தது. மரத்தில் விழுந்த பழுது என்று நினைத்தேன். ரம்பம் வைக்க வாகாக இருந்ததால் அந்தத் தழும்பின் மேலேயே வைத்து அறுத்து, வெட்டிய முனையில் பித்தளைப் பூண் பதித்து, கோலை உறைக்குள் அடங்கும்படி செய்தேன். யாரும் அறுக்கச் சொல்லவில்லை. அழகுக்காகச் செய்தேன்.

12ஆம் தேதி வெள்ளிங்கிரி தனியாக வந்து துப்பாக்கியை வாங்கிப் போனார். மயிலைத் தடவித் தடவிப் பார்த்தார். கோலை அவரும் கவனிக்கவில்லை, குட்டையாக்கிய விவரத்தை நானும் சொல்லவில்லை. மறந்துவிட்டேன். லைசன்ஸ் இல்லாமல் அதைப் பதினான்கு நாள் என் வீட்டில் வைத்திருந்தது தனிக் குற்றம் என்று எஸ்.ஐ. சொன்னார். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

14ஆம் தேதி நடந்ததை நான் பார்க்கவில்லை. சாவு வீட்டுக்குப் போய் 16ஆம் தேதி திரும்பிய என் மனைவி சொல்லித்தான் தெரியும். அன்று வெள்ளிங்கிரி காட்டில் மருந்து போட்டு வைத்திருந்து, பன்றி வராததால் அப்படியே பொழுது சாய்கிற நேரம் வீட்டுக்கு வந்து, துப்பாக்கியை மனைவியிடம் கொடுத்துவிட்டு, கால் கழுவ உட்கார்ந்திருக்கிறார். அவள் வழக்கம்போலக் கோல் விட்டு விரலால் தடவியிருக்கிறாள். சமமாக இருந்திருக்கிறது. சுட்ட கேப்பும் சுடாத கேப்பும் மேலே குதிரை என்கிற சுத்தி படிந்திருக்கும்போது ஒன்றுபோலத்தான் தெரியும். பழைய கேப்பு என்று எடுப்பதற்காகக் குதிரையை இழுக்கும்போது எண்ணெய்க் கை வழுக்கி, துப்பாக்கி வெடித்து, எதிரே உட்கார்ந்திருந்தவர் மேல் ரவை பாய்ந்திருக்கிறது.

என் மனைவி என்னிடம், "கோலு வெறுங்கொழல்னு காட்டுச்சுன்னே சொல்லீட்டிருக்கறாளாம். ஒருத்தரும் நம்பறதில்ல. அந்தப் புள்ள பொய் பேசறவ இல்லீங்க" என்றாள். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தேன். ஆனாலும் 17ஆம் தேதியும் 18ஆம் தேதியும் வாயைத் திறக்கவில்லை. பயம்தான், வேறு காரணம் இல்லை. கொலைக் குற்றத்தில் அவள் உள்ளே இருக்கிறாள் என்று தெரிந்தே இரண்டு நாள் பட்டறையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். இன்று விடிந்ததும் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் என் சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

நல்ல மரம் என்பதால் அறுத்த துண்டை எறியாமல் பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். அதைக் கொண்டுவந்து ஒப்படைத்தேன். அதன்பிறகு எஸ்.ஐ. வழக்கில் கைப்பற்றிய துப்பாக்கியைக் காட்டி, என் வேலைதானா என்று கேட்டார். என் வேலைதான். காலியான குழலுக்குள் அவர் கோலை விட்டபோது அது வாய்க்குக் கீழே மூன்று விரற்கடை உள்ளே போய் நின்றது. நான் கொடுத்த துண்டை அதன்மேல் வைத்தார். வாய்க்குச் சமமாக வந்தது.

அதன்பிறகு மாஜிஸ்டிரேட்டு உத்தரவின்பேரில் விசாரணைக்காக நிலையத்தில் இருந்த மருதாத்தாளை அழைத்து வந்து, அந்தத் துண்டை அவள் கையில் கொடுத்தார்கள். அவள் பார்க்கவில்லை, பெருவிரலால் தடவினாள். அடியில் மிச்சமிருந்த பாதித் தழும்பில் விரல் நின்றது. மருந்து போட்டால் கோல் எதுவரை நிற்கும் என்று அடையாளம் தெரிய, கல்யாணமாகி வந்த வருடம் அவளே அரிவாள்மனையில் கீறிய கோடு அது என்று எஸ்.ஐ.யிடம் சொன்னாள். அதன்பிறகு என்னிடம், "ஏனுங்க ஆசாரி, ஒரு வார்த்த சொல்லியுட்டிருக்கலாமுங்களே" என்றாள்.

கோலை நான் அறுத்ததும், சொல்லாமல் விட்டதும் மருதாத்தாளுக்குத் தெரியாது. அவள் மேல் குற்றம் இல்லை. துப்பாக்கிக் கட்டையில் உள்ள வெள்ளி அவளுடைய தண்டை. வழக்கு முடிந்ததும் அதைப் பெயர்த்து அவளிடம் கொடுக்கக் கோருகிறேன். மயில் வடிவம் போனாலும் பரவாயில்லை.

எழுதியதை ஏட்டு எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

(ஒப்பம்) அ. சென்னிமலை ஆசாரி