பணியில் இல்லாத ஒரு நாள்

என் பெயர் வெங்கடநாராயணன். பவானிபூரில் ஒரு பழைய வீட்டின் இரண்டாம் மாடியில் மனைவி வத்சலாவுடன் வசிக்கிறேன். விடியற்காலையில் எழுந்து காப்பியை நானே கலந்துகொள்வேன். செய்தித்தாளைப் படித்தபின், யாரும் தொடாததுபோல் மடித்து வைப்பேன். வகுப்புக்குப் போகையில் சாக்பீசுகளை ஒரு தகர டப்பாவில் வீட்டிலிருந்தே கொண்டுபோவேன்; துறையில் கேட்டு வாங்குவதில் எனக்கு விருப்பம் இல்லை. வகுப்பு முடிந்ததும் கரும்பலகையைத் துடைத்துவிட்டுத்தான் வெளியே வருவேன். எனக்குப்பின் வருகிறவருக்கு நான் ஏன் வேலை வைக்க வேண்டும்?

இடைக்கால இந்திய வரலாறு என் பாடம், அதிலும் சோழர்கள். கொல்கத்தாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் அதைத் தற்காலிக ஒப்பந்தத்தில் கற்பித்து வந்தேன். அங்கே சேர்ந்தபோது என் தலைமயிர் முழுவதும் கறுப்பாக இருந்தது. ஒப்பந்தம் ஓராண்டுக்கு உரியது. ஜூன் முப்பதாம் தேதி முடியும். புதியது ஜூலை இரண்டாம் தேதி தொடங்கும். நடுவிலுள்ள ஜூலை முதல் தேதியில் ஒப்பந்த ஆசிரியர்களாகிய நாங்கள் யாருமல்லோம். தொடர்ச்சியாகப் பணிபுரிந்தோம் என்று நாளை எந்த நீதிமன்றத்திலும் நாங்கள் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக நிர்வாகம் செய்துவைத்த ஏற்பாடு அது. அன்று நூலக அட்டை செல்லாது, காப்பீடு கிடையாது, வளாகத்தில் கால் வைத்தால் அந்நியர் கால் வைத்ததாகத்தான் பொருள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. விதி என்றால் விதி.

கௌசிக் அந்த நாளைக் கேலி செய்வான். "நாளைக்கு நாம ரெண்டு பேரும் பேய், சார். எங்க வேணா போலாம், யார் கண்ணுக்கும் தெரியமாட்டோம்" என்பான்.

கௌசிக் கொல்கத்தாவிலேயே, பெஹாலாவில் பிறந்து வளர்ந்தவன். அவனுடைய தாத்தா துறைமுகத்தில் வேலைக்காக வந்து தங்கிவிட்டவர். வீட்டில் பேசும் தமிழ் மட்டும் தெரியும். வங்காள மொழியைப் பாடுவதுபோல் பேசுவான். வங்காள சுல்தான்களின் காலம் அவனுடைய ஆராய்ச்சி. அவனும் என்னைப்போலவே தற்காலிகம். அவனைத் துறைக்கு அழைத்துவந்து அறிமுகப்படுத்தியவன் நான்தான் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அலமாரிக்குப் பின்னால் எங்கள் இருவருக்கும் ஒரே மேசை. ஒருவர் உட்கார்ந்தால் மற்றவர் நிற்க வேண்டும். அவன் எப்போதும் நின்றுகொள்வான். அந்த மரியாதையிலும் அவனுக்கு நல்ல பெயர்தான் கிடைத்தது.

அவன் வகுப்பில் இடம் இல்லாமல் ஜன்னல் விளிம்பிலும் மாணவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். வேறு துறைகளிலிருந்தும் வருவார்கள். என் வகுப்பில் மின்விசிறிக்கு நேர்கீழே உள்ள பெஞ்சு மட்டும் நிறையும். நான் பொறாமைப்பட்டேன் என்று நீங்கள் நினைக்கலாம். அது பொருத்தமான சொல் அன்று. தராசு ஒரு பக்கம் சாய்ந்திருப்பதைக் காணும் கடைக்காரர் அதை நேராக்க விரும்புவதற்குப் பொறாமை என்று பெயர் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் எங்கள் வீட்டுக்கு வருவான். கையில் ஒரு மண்சட்டி நிறைய மிஷ்டி தோய் என்னும் இனிப்புத் தயிர் இருக்கும். "மாமி, இந்த ரசம் அன்னிக்கே இருந்திருந்தா சுல்தானெல்லாம் சண்டையே போட்டிருக்கமாட்டா. சாப்ட்டுட்டுத் தூங்கியிருப்பா" என்பான். வத்சலா கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். அவன் போனபின் பாத்திரங்களை எடுத்துவைத்தபடி ஒருநாள் சொன்னாள்: "அவன் வந்தா வீடு கலகலன்னு இருக்கு. நீங்க மட்டும் இருந்தா குக்கர் சத்தம்தான் கேக்கறது."

அவள் சொன்னது உண்மை. உண்மையை மறுக்கும் வழக்கம் எனக்கு இல்லை.

சென்ற ஆண்டு துறைக்கு ஒரே ஒரு நிரந்தரப் பணியிடம் வந்தது. ஐம்பத்து நான்கு வயதானவனுக்கு இன்னொரு நேர்காணல் வாய்க்காது. இது எனக்கும் தெரியும், மற்றவர்களுக்கும் தெரியும். துறைத் தலைவியை நாங்கள் ஷர்மிளாதி, அதாவது ஷர்மிளா அக்கா, என்று அழைப்போம். அவர் என்னைத் தம் அறைக்கு அழைத்துத் தேநீர் கொடுத்து, வங்காள மொழியில் இதமாகவே பேசினார்.

"வெங்கட்தா, மனசுல வெச்சுக்காதீங்க. உங்க உழைப்பு எல்லாருக்கும் தெரியும். ஆனா கௌசிக் அந்தக் கல்லை முழுசாப் படிச்சுட்டான்னா கமிட்டி வேற யாரையும் பார்க்காது." பிறகு சிரித்தார். "உங்க சோழர்கள் கடலெல்லாம் தாண்டினாங்க. இந்த மாடிப்படியைத்தான் ஏற முடியலை."

நானும் சிரித்தேன். படிகளில் இறங்கும்போது தீர்மானித்துவிட்டேன்.

அவர் சொன்ன கல், துறையின் மூன்றாம் மாடியில் உள்ள சிறிய காட்சியகத்தில், சக்கரம் வைத்த பலகைமேல் கிடந்தது. ஏதோ ஒரு குளத்தை வெட்டிய செய்தியைக் கூறும் அரபுக் கல்வெட்டு. தேய்ந்துபோனது. வெட்டியவர் யார் என்று கூறும் கடைசி வரியை ஒருவராலும் படிக்க முடியவில்லை. இத்தகைய கல்லைப் படிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, காலைச் சாய்வெயிலில் வைத்துப் பார்ப்பது. பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தில் தேய்ந்த எழுத்தும் நிழல் காட்டும். மற்றொன்று, ஈரத்தாளைக் கல்மேல் ஒட்டி, கனத்த தூரிகையால் ஓங்கி ஓங்கி அடித்து, மேலே மை ஒற்றிப் படி எடுப்பது. சாய்வெயிலில் வைத்துக்கொண்டே படி எடுத்தால் இன்னும் நல்லது. இதை எந்தப் பாடநூலும் சொல்லும்.

அந்தக் காட்சியகத்தில் கிழக்கு வெயில் படும் இடம் ஒன்றுதான்: பின்புறத்துப் பால்கனி.

மே மாத விடுமுறையில் ஒரு பொறியாளர் வந்து அதைச் சோதித்துவிட்டு, "அடியில இருக்கற இரும்பெல்லாம் துரு தின்னுடுச்சு. இந்த மழைக்காலம் தாங்காது" என்று சொல்லிப் போயிருந்தார். ஷர்மிளாதி சொன்னபடி நான்தான் கதவைப் பூட்டி, எச்சரிக்கைப் பலகை வைத்து, குறுக்கே கயிறு கட்டினேன். கௌசிக் அப்போது ஊரில் இல்லை. அவன் மனைவி மேக்னாவின் தந்தைக்கு அறுவை சிகிச்சை. சாந்த்ராகாச்சியில் அவர்கள் வீட்டிலேயே தங்கி மருத்துவமனைக்கு அலைந்துகொண்டிருந்தான். அவன் திரும்பி வருவதற்கு முன்னால் எச்சரிக்கைப் பலகையை எடுத்துக் காட்சியகத்து அலமாரி ஒன்றுக்குப் பின்னால் வைத்தேன். கயிற்றை அவிழ்த்து, தாள் உலர்த்துவதற்காக அறைக்குள்ளே கட்டினேன். பொருள்களை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

ஜூலை முதல் தேதியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. அன்று கட்டடத்தில் வகுப்பு கிடையாது. எது நடந்தாலும் நிர்வாகம் அதை விரைவில் முடித்துவைக்கவே விரும்பும். தன் ஊழியர் அல்லாத ஒருவருக்காக அது கேள்வி கேட்டுக்கொண்டிராது. "பேயாக இருக்கும் நாளில் ஒரு நல்ல காரியம் செய்வோமே, நானும் வருகிறேன்" என்று கௌசிக்கிடம் சொன்னேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "போட்டியில நீங்களும் இருக்கேள். எனக்குப் போய் ஹெல்ப் பண்றேள். யார் சார் பண்ணுவா?" என்றான்.

அன்று காலை மழை விட்டு நல்ல வெயில். பக்கத்து வாயில் வழியாக உள்ளே போனோம். கீழே தோட்டத்தில் யாராவது நடமாடுகிறார்களா என்று ஜன்னல் வழியாக முன்னதாகவே பார்த்துக்கொண்டேன். சம்பந்தமில்லாதவர்களுக்குத் தீங்கு வரக் கூடாது. கௌசிக் கல்லைப் பலகையோடு பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போனான். நான் வாசற்படியிலேயே நின்றேன். முழங்கால் வலி என்று சொன்னேன்.

அவன் மண்டியிட்டுத் தாளை ஒட்டி அடிக்கத் தொடங்கினான்.

"இன்னும் கொஞ்சம் பலமா அடி" என்றேன்.

"கல்லுக்கு வலிக்கும், சார்."

"ஐந்நூறு வருஷம் வாயைத் திறக்கலையே அது. ஓங்கி அடி."

அவன் சிரித்துக்கொண்டே ஓங்கி அடித்தான். பால்கனி நான் எதிர்பார்த்ததைவிட உறுதியாக இருந்தது. மை ஒற்றி முடித்துத் தாளை உரித்து என்னிடம் நீட்டினான். நான் அதை உள்ளே கொண்டுபோய்க் கயிற்றில் மாட்டினேன்.

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நிறுத்தியிருப்பேன் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அந்தத் தாளைப் பார்த்தேன். கடைசி வரி முழுவதும் எழும்பியிருந்தது. அவ்வளவு தெளிவான படியை நான் என் வாழ்நாளில் எடுத்ததில்லை. வெளியிலிருந்து அவன் குரல் கேட்டது: "எப்படி வந்திருக்கு, சார்?"

"நன்னா வந்திருக்கு. கமிட்டிக்கு இன்னொண்ணு எடுத்துடு" என்றேன்.

இரண்டாவது தாளில் அதிக நேரம் ஆகவில்லை. ஒரு பெருமூச்சுபோல ஓசை கேட்டது. பிறகு என் எதிரே வெயில் மட்டும் இருந்தது. அவன் என்னைக் கூப்பிட்டானா என்று சில சமயம் யோசிக்கிறேன். கூப்பிட்டதாக நினைவில்லை. எச்சரிக்கைப் பலகையை எடுத்துக் கதவோரமாகச் சாய்த்துவைத்தேன். சாவியைப் பூட்டிலேயே விட்டேன். பின்படிகளில் இறங்கி, மெட்ரோவில் வீட்டுக்கு வந்து, கைகால் கழுவிச் சாப்பிட்டேன். அன்று வத்சலா ரசம் வைத்திருந்தாள்.

தாளை உலர்த்தக் கௌசிக்கே கயிற்றை அவிழ்த்தான், எச்சரிக்கையை அவனே அகற்றினான், அனுமதியின்றி உள்ளே வந்தான் என்று விசாரித்தவர்கள் முடிவு செய்தார்கள். பணியில் இல்லாத நாளில் நடந்ததால் குடும்பத்துக்கு எதுவும் தர வழியில்லை என்று நிர்வாகம் வருத்தம் தெரிவித்தது. மேக்னா என்னைத் தேடி வந்தாள். "அங்கிள், டிபார்ட்மென்ட் வேலையாத்தான் போனார்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அவரைத் திருடன் மாதிரி பேசறா" என்றாள். "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றேன். வத்சலா அவளுக்குக் காப்பி கொடுத்தாள். அவள் அதைக் குடிக்கவில்லை.

நேர்காணலில் நான் தேர்வானேன். கதவில் என் பெயர்ப்பலகை வந்தது. தராசு நேராகிவிட்டது என்று நினைத்தேன்.

ஆனால் கயிற்றில் உலர்ந்துகொண்டிருந்த அந்தத் தாளை மாணவர்கள் கண்டெடுத்துவிட்டார்கள். அதைக்கொண்டு கடைசி வரியைப் படித்தார்கள்: குளத்தை வெட்டியவர் சுல்தான் அல்லர், ஒரு வணிகனின் மனைவி. கௌசிக்கின் பெயரில் கட்டுரை வெளிவந்தது. காட்சியகத்தின் வாசலில் ரஜனிகந்தா என்று இங்கே சொல்லும் சம்பங்கி மாலை தொங்குகிறது. கல்லுக்காக உயிரைக் கொடுத்தவன் என்று அவனைச் சொல்கிறார்கள். என் வகுப்பில் அதே பெஞ்சு மட்டும்தான் நிறைகிறது. வத்சலா சுவாமி படங்களுக்குப் பக்கத்தில் அவனுடைய புகைப்படத்தை வைத்திருக்கிறாள்.

வரலாற்றில் நான் பொறுக்க முடியாதது ஒன்று உண்டு: ஒருவர் செய்ததை மற்றொருவர் பெயரில் எழுதுவது. அவன் எதையும் கொடுக்கவில்லை. அவனாக எதையும் செய்யவில்லை. வெயிலைக் காட்டியவன் நான். பலமாக அடிக்கச் சொன்னவன் நான். அந்தப் படி அவ்வளவு தெளிவாக வந்ததும் அதனால்தான். கௌசிக்கைக் கொன்றவனும் நான்தான். இது வெளியே தெரிந்தால் மேக்னாவுக்குச் சேரவேண்டியது சேரும். அவளுக்காகத்தான் இதைச் சொல்ல முன்வருகிறேன்.

காவல் நிலையத்தில் ஓர் எழுத்தரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் பெயரில் ஆண்டுதோறும் நினைவுச் சொற்பொழிவு நடத்துவதென்று மாணவர்கள் முடிவு செய்து, முதல் உரையை நிகழ்த்தும்படி மூத்தவனாகிய என்னைக் கேட்டிருக்கிறார்கள். பெரிய மண்டபம். வெளியூர்களிலிருந்தும் வருகிறார்களாம். எல்லோரும் அவனுக்காகத்தான் வருவார்கள். ஆனால் நான் பேசி முடிக்கும்வரை ஒருவரும் எழுந்து போகமாட்டார்கள். அங்கேயே சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருக்கிறேன்.