எட்டாவது டிராக்

எனக்குச் சத்தம் பிடிக்காது. சாப்பிடும்போது கரண்டி தட்டில் உரசினால்கூட எழுந்து போய்விடுவேன். டெத் மெட்டல் பேண்டு நடத்தியவன் பேசுகிற பேச்சா இது என்று நீங்கள் சிரிக்கலாம். சத்தம் வேறு, இசை வேறு. அந்த வித்தியாசம் தெரியாத செவிட்டுக் கூட்டத்தால்தான் எங்கள் முதல் ஆல்பம் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை.

முப்பது வருஷம் கழித்து அதை மறுபடி வெளியிடப்போவதாக உங்கள் கம்பெனி உங்களை அனுப்பியிருக்கிறது. சந்தோஷம். ஆனால் உட்காருவதற்கு முன்பே, "கடைசிப் பாட்டுல வர்ற குரல் யாரோடது சார்?" என்று கேட்டீர்கள். எட்டுப் பாட்டுக்கும் மெட்டுப் போட்டவன் நான். ஏழு பாட்டைப் பாடியவனும் நான். அதைப் பற்றி உங்களுக்குக் கேட்க ஒன்றுமில்லை. வயிறு எரிந்தது. போகட்டும், ரெக்கார்டரைப் போடுங்கள், சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் டெத் மெட்டல் என்றால் உறுமலும் இடியும்தான். அதற்குள் மெட்டைக் கொண்டுவந்தால் ஏற இறங்கப் பார்த்தார்கள். இரண்டு கிட்டார்கள் தாலாட்டுப் போல இழைய வேண்டும், அதன் மேல் ஒரு குரல் கிழிய வேண்டும். இதுதான் என் ஆசை. மெலடிக் டெத் மெட்டல் என்ற பெயர்கூட எங்கள் பக்கம் வந்து சேரவில்லை. தையற்கடைக்குப் பின்னால் ஓர் அறை பிடித்து, எதிரொலி வராமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டினேன். பாடுவதற்கு மூலையில் கண்ணாடி வைத்துத் தடுத்தேன். யாரோ தூக்கிப் போட்ட டேப் மெஷினைச் சரிசெய்தேன். அதில் தனித்தனியாகப் பதிய மொத்தம் எட்டு டிராக். ஏழில் வாத்தியங்கள், எட்டாவதில் குரல்.

தையல் மெஷின்கள் ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளில்தான் குரலைப் பதிவு செய்வோம். கடைசிப் பாட்டு பாக்கியிருந்த அன்று மதியம் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மைக்கைச் சோதிக்க யாராவது கத்த வேண்டும். இரண்டாவது கிட்டார் வாசித்த என் தம்பியைக் கண்ணாடித் தடுப்புக்குள் அனுப்பினேன். அவன் பாட்டு முழுவதையும் பாடிவிட்டான்.

நாங்கள் உலக்கை என்று கூப்பிடும் டிரம்மர்தான் முதலில் வாயைத் திறந்தான். "டேய், இவனையாடா இத்தனை நாளா பின்னாடி நிக்க வச்சிருந்த? இனிமே நீ பாடாத, மெஷினைப் பாத்துக்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தம்பி என்னை மட்டும் பார்த்து, "நல்லா இருந்துச்சாண்ணா?" என்றான்.

"பரவாயில்ல. அடிவயித்துலருந்து வரல. இன்னொரு தடவை பாடு."

மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். நான் பாடவைத்தேன். மூன்றாவது தடவை, பத்தாவது தடவை, இருபதாவது தடவை. தண்ணீர் கேட்டான். குடித்தால் குரலின் சொரசொரப்புப் போய்விடும் என்றேன். நம்பினான். நான் எது சொன்னாலும் நம்புவான், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். முப்பதாவது தடவைக்குப் பிறகு கைக்குட்டையில் துப்பி, கண்ணாடி வழியாக எனக்குக் காட்டினான். சிவப்பாக இருந்தது.

"எரியுதுண்ணா."

"எரியட்டும். அதான் வேணும். பாடு."

நாற்பத்தொன்றாவது தடவை வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது.

குரல் நாண் கிழிந்து தழும்பாகிவிட்டது என்றார் டாக்டர். அதோடு பேச்சும் போனது. அவனை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் எப்படி மேடை ஏறுவது? ஒரு கச்சேரிகூட நடக்கவில்லை, ஆல்பம் வந்ததே யாருக்கும் தெரியவில்லை. தன்னால்தான் எல்லாம் கெட்டது என்று அவன் ஒரு தாளில் எழுதி என்னிடம் மன்னிப்புக் கேட்டான். மன்னித்தேன். என் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன், மூன்று வேளையும் சோறு போடுகிறேன். இந்தக் காலத்தில் எந்த அண்ணன் செய்வான்?

நீங்கள் கேட்ட அந்தக் குரல், அன்று அவன் முதல் தடவை பாடியது. சோதனைக்காக ஓடவிட்ட டேப். பிறகு ரத்தம் வரப் பாடியவற்றில் ஒன்றுதான் அது என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். தொண்டை போனாலும் பாட்டு நிலைத்ததே என்று அவனுக்கு ஓர் ஆறுதல். முதல் தடவைக்குப் பிறகு பாடிய அத்தனை தடவையும், பதிவு நடப்பதாகக் காட்டும் சிவப்பு பல்பை மட்டும்தான் நான் போட்டேன். ரெக்கார்ட் பட்டனைத் தொடவே இல்லை. குரலுக்கு இருந்தது ஒரே டிராக். மறுபடி பதிந்தால் முதலில் பாடியது அழிந்துவிடும். அவ்வளவு நன்றாகப் பாடியிருந்தான், பாவி.

அதோ, கதவுப் பக்கம் நிற்பவன்தான் தம்பி. எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. கண் சிவந்திருப்பது தூக்கம் இல்லாததால். உதட்டை அசைக்கிறானே, என்ன சொல்கிறான் என்றா கேட்கிறீர்கள்? அண்ணன் மேல் கோபமில்லை என்கிறான். எழுதிக்கொள்ளுங்கள். முப்பது வருஷமாக அவனுக்காக நான்தான் பேசுகிறேன். ஒரு தடவைகூட அவன் மறுத்துப் பேசியதில்லை.