முகடு தாண்டிய ஜன்னல்

இல்ல பாய், உங்க மேல தப்பே இல்ல. பிளான்ல எங்க கட்டம் போட்டிருந்திச்சோ அங்கதானே கூரை ஓட்டப் பிரிச்சீங்க. எங்க வீட்டுக்காரரே காகிதத்த விரிச்சி வச்சிப் பாத்துட்டாரு லா. ஹைதர் பாய் சரியாத்தான் போட்டிருக்காரு, கம்ப்யூட்டர்தான் கவுத்துடிச்சின்னு அவரு வாயாலயே சொல்லிட்டாரு. ஏணிய அப்படியே செவுத்துல சாச்சிட்டு உக்காருங்க. ஜன்னல் எங்கயும் ஓடிப் போகாது. தே குடிச்சிட்டு ஏறலாம்.

சீனி கம்மியாவா? சரி.

அவரு ஒரு வேலையில எறங்கினா அப்புறம் சோறு தண்ணி வேணாம். பாயான் பாரு பக்கம் ஒரு ஃபேக்டரியில சூப்பர்வைசர்தான், ஆனா அந்த வீடு வரையிற சாஃப்ட்வேர லேப்டாப்புல போட்ட நாள்லேர்ந்து நம்ம தாமான்ல அத்தன வீட்டுலயும் இன்ஜினியர் ஸ்ரீகரன்னுதான் கூப்புடுறாங்க. கிண்டலுக்குத்தான். அவருக்கு அது புரியல, நானும் சொல்லல.

கூரையில ஜன்னல் வைக்கிறதுன்னா லேசா என்ன? மொத தடவ கம்ப்யூட்டர்ல சாதா ஜன்னலத் தூக்கி கூரையில வச்சாரு. அது சாயாம அப்படியே நேரா நின்னுச்சி. கூரைய முட்டிக்கிட்டு யாரோ தலைய நீட்டுற மாதிரி. சாயிற ஜன்னல் வேற வகையாம், கூரை எத்தன டிகிரியோ அதே டிகிரி குடுக்கணுமாம். அதக் கண்டுபிடிக்க ரெண்டு வாரம். அப்புறம் வெளியில இருந்து பாத்தா ஜன்னல் இருக்கு, உள்ள வந்து பாத்தா இல்ல. அடியில சீலிங் மூடிக்கிட்டு இருக்கு. எந்த நாட்டுக்காரனுக்கோ எழுதிக் கேட்டாரு. சீலிங்கையும் வெட்டுய்யான்னு அவன் சொல்லிக் குடுத்தான். அன்னைக்கி பாக்கணுமே நீங்க. அவரு தங்கச்சி பிரஷாந்திய ஜுருலேர்ந்து வரவழச்சி காட்டினாரு. பக்கத்து வீடு, எதிர் வீடு, கோயில் கமிட்டி, எல்லாரும் வந்தாங்க. எங்க அமுக்கணும், எப்படி இழுக்கணும், சரிவ எப்படி மாத்தணும், வந்தவங்களுக்கெல்லாம் ஒரே பாடம். எனக்கு மட்டும் சொல்லல. நான் பின்னாடி தே தட்ட வச்சிக்கிட்டு நின்னேன்.

ரெண்டு ஜன்னல்னு முடிவாச்சி. ஒண்ணு அவரு கம்ப்யூட்டர் மேசைக்கு மேல. போட்டீங்களே, இப்ப என்ன ஆச்சின்னு தெரியுமா? வெயில் நேரா ஸ்கிரீன்ல அடிக்கிது, ஒண்ணும் தெரியல. மனுசன் தலையில துண்டப் போத்திக்கிட்டு உள்ள குனிஞ்சி டிசைன் பண்ணுறாரு, ஆவி புடிக்கிற மாதிரி. சிரிக்காதீங்க பாய், நெசமாத்தான்.

இன்னொண்ணு ஹால்ல, அந்தக் கப்புக்கு. பள்ளிக்கூடத்துல பேட்மிண்டன்ல ஜெயிச்சது. கண்ணாடி அலமாரியில தனியா நிக்கிது பாருங்க, அதுதான். காலையில பத்து மணிக்கு அதும்மேல வெயில் விழணுமாம். சாஃப்ட்வேர்ல சூரியன ஓட விட்டுக் காட்டினாரு.

அப்ப நான் ஒரு வார்த்த கேட்டேன். குசினிக்கு ஒண்ணு வைக்கலாமேன்னு. பின்னாடி வீட்டோட முதுகும் நம்ம முதுகும் ஒட்டிக்கிட்டு இருக்கு, ரெண்டு பக்கமும் வீடு. பகல் பத்து மணிக்கே லைட்டப் போட்டாத்தான் அடுப்பு தெரியும். நெத்திலி ஆயணும்னா முன்னாடி காடி நிறுத்துற எடத்துல போயி உக்காருவேன். போறவங்க வர்றவங்க, யாருக்குக் காத்திருக்கீங்க அக்கான்னு கேப்பாங்க.

அவரு என்ன செஞ்சாரு தெரியுமா? லேப்டாப்பத் திருப்பிக் காட்டினாரு. பாரு மோகனா, குசினி எவ்வளவு வெளிச்சமா இருக்குன்னு. இருந்திச்சி பாய். பளபளன்னு இருந்திச்சி. அந்தக் கம்ப்யூட்டர்ல ஜன்னலே இல்லாத ரூம்புக்கும் அதுவா வெளிச்சம் போட்டுக் குடுத்துடும். என் அடுப்புக்குப் பக்கத்துல வெள்ளக்காரி ஒருத்தி காப்பி கப்போட நிக்கிறா. ஆள் நின்னாத்தான் அளவு தெரியும்னு அந்த சாஃப்ட்வேர்லேர்ந்தே எடுத்து வச்சாராம். அவளுக்கு வெளிச்சம் போதுமாம்.

கெட்ட மனுசன் இல்ல பாய். எனக்கு ஒரு காய்ச்சல்னா லீவு போட்டுட்டு கஞ்சி வச்சிக் குடுப்பாரு. இந்தக் குசினியிலதான் வைப்பாரு, லைட்டப் போட்டுக்கிட்டு. ஆனா வெளிச்சம் கேட்டா கம்ப்யூட்டரத்தான் பாக்குறாரு, குசினியப் பாக்க மாட்டேங்கிறாரு.

என்ன? ஆமா, கப்பு மேல வர வேண்டியது எப்படி என் அடுப்பு மேல வந்துச்சின்னு கேக்குறீங்க. கூரைச் சரிவக் கடைசியா ஒரு டிகிரி மாத்தினாராம், அப்ப முன்பக்கத்துலேர்ந்து முகட்டத் தாண்டி பின்பக்கம் சறுக்கிடிச்சாம். ஊரெல்லாம் சொல்லிட்டாரு. அந்தக் கம்பெனிக்கு மூணு ஈமெயில் போட்டுட்டாரு, அவங்களும் பாக்குறோம்னு பதில் போட்டிருக்காங்க, பாவம். சறுக்குற சாமான் மேல ஏறுமா பாய்? ஒருத்தரும் இதக் கேக்கல.

நீங்க போட்ட மறுநாள் காலையில லைட்டு சுவிச்சுல கைய வச்சேன். போடவே வேணாம். அடுப்பு மேட்டுல வெயில் விழுந்து கெடக்கு. பதினாறு வருசமா நிக்கிறேன் இங்க, செவுத்துல எண்ணெய்க் கறை இவ்வளவு இருக்குன்னு அன்னைக்கித்தான் பாத்தேன். கைய வெயில்ல நீட்டிக்கிட்டே நின்னேன். அழுக வந்துடிச்சி. பால் பொங்கி வழிஞ்சதுகூடத் தெரியல.

இப்ப இத அடைச்சிட்டு அங்க வைக்கச் சொல்லி உங்களக் கூப்புட்டிருக்காரு.

முன்பக்கம் கூரையத் தாங்கிக்கிட்டு பெரிய மரம் ஓடுது, வெட்ட முடியாதுன்னு சொல்லுங்களேன். அவரு ஏறிப் பாக்க மாட்டாரு, நாற்காலி மேல ஏறினாலே தல சுத்தும். பொய் சொல்ல மாட்டீங்களா? சரி, அதுவும் ஞாயந்தான். அப்ப உண்மையச் சொல்லுங்க. பிரிச்ச ஓட்டத் திருப்பி அடைச்சி இன்னொரு எடத்துல பிரிச்சா, நாளைக்கி மழ ஒழுகினா நான் பொறுப்பில்லன்னு. கப்பு மேல ஒழுகும்னு சொல்லுங்க, போதும்.

நான் எப்படிச் சொல்றது? எனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியாதே.

பிளான உங்க கையில குடுக்குறதுக்கு முந்தின நாள் அவரு வேலைக்கிப் போயிட்டாரு. லேப்டாப் தெறந்தே கெடந்திச்சி. சோறு ஒல வச்சிட்டு வந்து உக்காந்தேன். கப்பு மேல இருந்த ஜன்னல அமுக்கி இந்தப் பக்கம் இழுத்தேன், சரிவுக்குச் சரியா சாஞ்சிக்கிச்சி. சீலிங்கையும் வெட்டினேன், மறக்கல. சோறு வேகுறதுக்குள்ள முடிஞ்சிடிச்சி.

அந்த வெள்ளக்காரியையும் அப்பவே எடுத்துட்டேன் பாய். இன்னைய வரைக்கும் அவரு கவனிக்கல.