தலையாட்டினால் போதாது

என் வயது நாற்பத்து நான்கு. உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியை. பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் கழுகு டீச்சர். தேர்வு அறையில் காப்பியடிக்க நினைப்பவனை, அவன் கழுத்தைத் திருப்பும் முன்பே பிடித்துவிடுவேன் என்பதால் வந்த பெயர் அது. பள்ளிக்குப் பின்தெருவில் மாடி வைத்த வாடகை வீட்டில் கீழே நானும் என் கணவரும், மாடியில் என் தம்பியும் குடியிருந்து வருகிறோம். தம்பி அதே பள்ளியில் இயற்பியல் ஆசிரியர், மணமாகாதவன், சாப்பாடு என் வீட்டில்தான். மேற்படி பள்ளியின் கணினி அறையிலிருந்து டேப்லெட்டுகள் காணாமல் போனது சம்பந்தமாக ஆய்வாளர் முன் நானாகவே வந்து, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் சொல்வதாவது:

இணையவழி வகுப்புக்கென்று பள்ளிக்குப் புதிய டேப்லெட்டுகள் வந்திறங்கின. அவற்றைக் கணினி அறை அலமாரியில் வைத்து அறையைப் பூட்டினார்கள். அறைச் சாவி ஒன்று தலைமையாசிரியரிடமும் மற்றொன்று என்னிடமும் இருந்தன. என் சாவி சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அதன் பிறகு ஆசிரியர்களுக்கு இணையவழிக் கற்பித்தலில் சனி, ஞாயிறு பயிற்சி என்றும், அவரவர் வீட்டிலிருந்தே சேர வேண்டும் என்றும், கேமராவை அணைத்தால் சான்றிதழ் கிடையாது என்றும் அறிவித்தார்கள். கரும்பலகை முன் புலியாக நிற்கும் எங்களில் பலர் கேமரா முன் எலியாக உட்கார்ந்தோம்.

சனிக்கிழமை, பாடத்தை முன்கூட்டியே பதிவு செய்து நம் முகம் தெரியும் கட்டத்தில் ஓடவிடுவது எப்படி என்று பயிற்றுநர் காட்டினார். என் தம்பி கேள்வி மேல் கேள்வி கேட்டான். "சார், விட்டா நீங்களே வகுப்ப எடுத்துருவீங்க போல" என்று பயிற்றுநர் சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதன் பிறகு பயிற்றுநர், எல்லோரும் ஒன்றாகப் பேசினால் சந்தைக்கடை ஆகிவிடுகிறது, புரிந்தவர்கள் தலையாட்டினால் போதும் என்று கேட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை என் கணவர் வேலை விஷயமாக வெளியூரில் இருந்தார். தம்பி நீலச் சட்டையில் தன் கட்டத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தான். நடுவில் பயிற்றுநர், எங்களைச் சோதிக்க எண்ணி, "என் குரல் கேக்காதவங்க மட்டும் தலையாட்டுங்க பாப்போம்" என்றார். இதற்கெல்லாம் ஏமாறுகிறவர்களா நாங்கள், எல்லோரும் கல்லுப்பிள்ளையார் போல அசையாமல் இருந்தோம். தம்பி மட்டும் தலையாட்டினான். "சார், காது கேக்காதவருக்கு இது மட்டும் எப்படிக் கேட்டுச்சு?" என்று பயிற்றுநர் கேட்கவும் எல்லோரும் சிரித்தார்கள். தம்பியின் குறும்பு என்று நினைத்து நானும் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

அதன் பிறகு என் இணைப்பு அறுந்துவிட்டது. மாடிப்படியருகே நின்று, "டேய், உனக்கு நெட் வருதாடா?" என்று கத்தினேன். பதில் இல்லாததால் மேலே ஏறிப் போனேன். கதவு சாத்தியிருந்தது, வாசலில் அவன் செருப்பு இல்லை. காதில் எதையாவது மாட்டியிருப்பான், செருப்பை உள்ளே விட்டிருப்பான் என்று நினைத்துக் கீழே இறங்கினேன். இணைப்பு திரும்ப வந்தபோது அவன் தன் கட்டத்தில் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை அலமாரி காலியாக இருந்தது. அறைப் பூட்டு உடைபடவில்லை. தன் சாவியைத் தலைமையாசிரியர் எடுத்துக் காட்டிவிட்டு என்னைப் பார்த்தார். நான் வீட்டுக்கு ஓடினேன். என் சாவி ஆணியில்தான் இருந்தது. ஆனால் சாவியை மாட்டி அதற்கு மேல் கைத்துண்டை மாட்டுவது என் வழக்கம். அன்று கைத்துண்டுக்கு மேல் சாவி தொங்கியது.

சந்தேகம் என் கூடப்பிறந்தது. முதலில் காவலாளியைச் சந்தேகப்பட்டேன். அதன் பிறகு, அன்று முழுக்க என் கண்ணைப் பார்க்காத கணினி ஆசிரியரைச் சந்தேகப்பட்டேன். வெளியூரிலிருந்த கணவரையும் விடவில்லை, போன் போட்டு எங்கே இருந்தீர்கள் என்று குடைந்தேன். "வீட்டுலயும் எக்ஸாம் ஹால் டூட்டியா உனக்கு?" என்று அவர் போனை வைத்துவிட்டார். தம்பி மட்டும் என் நினைவுக்கே வரவில்லை.

அதன் பிறகு தலைமையாசிரியர் எல்லோரையும் கூப்பிட்டு விசாரித்ததில், ஞாயிறு முழுக்க எல்லோரும் திரையில் இருந்ததாகவும் நான் மட்டும் நடுவில் இல்லை என்றும் ஆனது. அதை முதலில் சொன்னவன் என் தம்பி. "அக்காவா இருந்தாலும் உண்மையத்தான சார் சொல்லணும்" என்றானாம். வேலியே பயிரை மேய்ந்த கதை என்று என் காதுபடவே பேசினார்கள். விசாரணை முடியும்வரை பள்ளிக்கு வர வேண்டாம் என்று என்னை நிறுத்திவிட்டார்கள். குற்றம் உறுதியானால் வேலையும் போகும், இந்த ஊரில் தலைநிமிர்ந்து நடக்கவும் முடியாது. அன்று மாலை தம்பி வழக்கம்போல் சாப்பிட வந்தான். "கவலப்படாதக்கா, நான் இருக்கேன்ல" என்றான். அவனுக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.

மறுநாள் வீட்டில் வேலையில்லாமல், நான் எவ்வளவு நேரம் விடுபட்டேன் என்று பார்க்க, பயிற்றுநர் எல்லோருக்கும் அனுப்பியிருந்த ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியின் பதிவைப் போட்டேன். பயிற்றுநர் கேலி செய்த இடம் வந்தது. இந்த முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை. தம்பிக்குச் சிறுவயதில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். பாடத்தில் மனம் இருந்தால் கேள்வி கேட்டே உயிரை எடுப்பான். தலையாட்டினால் ஆள் அங்கே இல்லை என்று அர்த்தம். வகுப்பில் தலையாட்டிக்கொண்டே இருக்கும் பிள்ளையை முதலில் எழுப்பிக் கேள்வி கேட்கிற நான், அன்று ஏமாந்துபோனேன். உற்றுப் பார்த்ததில், அவன் தலையாட்டுவதும் காலரைச் சரி செய்வதும் மறுபடி தலையாட்டுவதுமாக ஒரே காட்சி திரும்பத் திரும்ப ஓடியது. முந்தைய நாள் கற்ற பாடத்தைச் சரியாகத்தான் செய்திருக்கிறான்.

எதற்காக எடுத்தான் என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்டால் அழுவான், நான் மன்னித்துவிடுவேன், அதன் பிறகு திருடி நானாகத்தான் இருப்பேன். பொருள் போனது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. என் ஆணியிலிருந்து சாவியை எடுத்தவன், பழியை என் தலையில் கட்டிவிட்டு என் கையாலேயே சாப்பிட்டானே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மேற்படி பதிவைப் பார்வையிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இன்று என்னை வண்டியில் இங்கே கூட்டி வந்தவனும் அவன்தான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். நான் உள்ளே வரும்போது, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுக்கா, பயப்படாத" என்று தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்தான்.

இவ்வளவும் எழுதப்பட்டு எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. எல்லாம் சரிதானா என்று ஆய்வாளர் கேட்டார். நான் தலையாட்டினேன். "தலையாட்டினா போதாதும்மா, வாயத் திறந்து சொல்லுங்க" என்றார். நான் சொன்னது சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறது, அத்தனையும் உண்மை என்று, வெளியே இருப்பவனுக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று, வாய்விட்டுச் சொல்லிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
கணித ஆசிரியை