ஜீப்பில் இரண்டு கால் வைக்க இடம்

காலை ஆறே கால். போடியில் குரங்கணி பஸ்சுக்காக நின்றிருந்தேன். பக்கத்தில், ஏலத்தோட்ட ஜீப்புக்குக் காத்திருந்த இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். போன மழையில் ஜீப்பு கவிழ்ந்த பிறகு இளையவள் மலையேறவே இல்லை என்று பேச்சிலிருந்து தெரிந்தது.

"அக்கா, வளைவுல எனக்கு நடுக்கம் வந்தா யாரும் பிடிக்கக் கூடாது."

"பிடிக்காம? சாமி வந்திருச்சுன்னு திருநீறு பூசி, குறி கேட்டுருவாளுகடி."

"மதுரையில எனக்கு வைத்தியம் பாக்குற டாக்டரம்மா சொல்லுச்சு. நடுக்கத்த அமுக்குனா பயம் ஒடம்புலயே தங்கிருமாம். ரெண்டு காலையும் தரையில ஊனி, மூச்ச மெதுவா விடணுமாம்."

"நம்ம ஜீப்புல தரையப் பாத்திருக்கியா? பதினாலு பேரு தூக்குவாளியும் அங்கனதான கெடக்கு."

இளையவள் சிரிக்கவில்லை. "இன்னைக்கும் ஏறலேன்னா கங்காணி வேற ஆளப் போட்டுருவாருக்கா."

ஜீப்பு வந்தது. மூத்தவள் முதலில் ஏறினாள். "ஏய், வாளிய மடியில வையுங்கடி! இவ காலு ஊனணும்."

"ஏன், அவ காலு மட்டும் தங்கமோ?" என்றாள் உள்ளே ஒருத்தி. ஆனாலும் வாளிகள் ஒவ்வொன்றாக மேலே போயின.

இளையவள் ஒரு காலை உள்ளே வைத்து, கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். டிரைவர் ஹாரன் அடித்தார்.

"இருய்யா!" என்று கத்தினாள் தங்கக்கால் கேட்டவள். "அவளுக்கு இன்னொரு காலு வரணும்."