மாப்பிள்ளையின் கை

இந்தச் சட்டையில் மூன்றாவது பொத்தானை இன்று காலை என் மாப்பிள்ளைதான் தைத்துக் கொடுத்தார், மேடம். விசாரணை நடக்கிற இடத்தில் பொத்தான் இல்லாமல் வந்து நிற்க முடியாது பாருங்கள். எனக்குக் கண்ணாடி போட்டாலும் இப்போதெல்லாம் ஊசியில் நூல் கோர்க்க வருவதில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி ஒரே தடவையில் கோர்த்துவிட்டார். நல்ல மனிதர். அவரைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

நீங்கள் அவசரப்பட்டு எழுத வேண்டாம். நான் நிறுத்தி நிதானமாகவே சொல்கிறேன். இறுதி ஆட்டத்தை அவர் எதிர் அணிக்கு விற்றுவிட்டார் என்று உங்களுக்குப் புகார் வந்திருக்கிறது. அது நிரூபணமானால் இனி ஆயுளுக்கும் அவர் கோல் வாசலில் நிற்க முடியாது. அவர் எதையும் விற்கவில்லை. அந்தக் கோல் எப்படி விழுந்தது என்று எனக்குத் தெரியும். இத்தனைக்கும் நான் வாழ்க்கையில் ஒரு பந்தைக்கூட உதைத்தவன் இல்லை.

அந்த அணிக்கு முப்பத்தோரு வருடமாக ஜெர்சி துவைப்பது நான். துவைத்து, காயவைத்து, ஆட்டத்தன்று அவரவர் இடத்தில் மடித்து வைக்க வேண்டும். பூட்ஸின் அடியில் ஒட்டிய மண்ணைச் சுரண்ட வேண்டும். கோச் எழுதுகிற பலகையைத் துடைக்க வேண்டும். மாப்பிள்ளை என்னை மாமா என்று கூப்பிடப்போய், மொத்த டீமுக்கும் நான் மாமா ஆகிவிட்டேன். கோச் உட்பட. அவருக்கு என்னைவிட இரண்டு வயது அதிகம்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் அவசரத்தில் எல்லோருடைய சாக்ஸையும் உள்பக்கம் வெளியே தெரியும்படி மடித்து வைத்துவிட்டேன். அன்று நான்கு கோல் போட்டு ஜெயித்தார்கள். அடுத்த வாரம் ஒழுங்காக மடித்து வைத்தால், கேப்டன் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

"மாமா, போன வாரம் மடிச்ச மாதிரியே மடிங்க."

"அது தப்பா மடிச்சதுப்பா."

"தப்பாவே மடிங்க."

மற்ற பத்து பேரும் தலையாட்டினார்கள். அதில் ஒருவன் பொறியியல் படித்தவன். அன்றிலிருந்து ஆறு வருடமாகத் தப்பாகத்தான் மடிக்கிறேன். பதினோரு பேருக்கும் தனித்தனி பூட்ஸ், தனித்தனி துண்டு, தனித்தனி பூட்டு போட்ட அலமாரி. பயம் மட்டும் எல்லோருக்கும் பொதுவாக ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்று அன்று தெரிந்துகொண்டேன். அதைத் துவைக்கிற ஆளும் நான்தான் என்று சும்மா வேடிக்கையாக நினைத்துக்கொள்வேன்.

இந்த வருடம் நன்றாக ஆடினார்கள். நான்கு ஆட்டம் பாக்கி இருக்கும்போது பட்டியலில் முதலிடம். கோச்சுக்குத் தலைகால் புரியவில்லை. பலகையில் பெரிய எழுத்தில் "பயத்துக்கு இங்கே வேலை இல்லை" என்று எழுதி, இதை மட்டும் துடைக்காதீர்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். தினமும் அதைச் சுற்றியே துடைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம், நாங்கள் எல்லோரும் சேர்ந்து இருக்கிற வீட்டில், சாப்பாட்டு மேஜையில் ஒரு விண்ணப்பத் தாள் கிடந்தது. கடல் தாண்டி ஒரு பெரிய கிளப்பில் மாப்பிள்ளையைக் கேட்டிருந்தார்கள். கோப்பையை ஜெயித்த கையோடு கிளம்பி வரலாம் என்று பேச்சு. குடும்பத்தார் பெயர் எழுதுகிற கட்டத்தில் மூன்று பெயர்கள். மாப்பிள்ளை, என் மகள், பேத்தி. என் மகள்தான் நிரப்பியிருந்தாள். அவளுக்கு அழகான கையெழுத்து, சின்ன வயதில் நான்தான் உட்காரவைத்து எழுதப் பழக்கினேன். மூன்றாவது பெயருக்குக் கீழே இன்னும் இரண்டு வரிக்கு இடம் இருந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாளைக்கு வேறு யாராவது சொல்லி நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தத் தாளுக்கும் நான் செய்ததற்கும் சம்பந்தமில்லை. அடுத்த நாளே செய்தேன் என்பது தற்செயல். பயமே இல்லை என்று ஒரு டீம் சொல்லிக்கொண்டால், அது உண்மைதானா என்று யாராவது ஒருவர் பார்க்க வேண்டாமா? கோச் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

கோல்கீப்பரான மாப்பிள்ளைக்கு முன்னால் நின்று எதிராளிகளைத் தடுக்கிறவனை நாங்கள் நெட்டை என்று கூப்பிடுவோம். ஆள் வாசற்படியில் குனிந்துதான் வருவான். பயிற்சிக்கு எப்போதும் முதல் ஆளாக வந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருப்பான். அன்றும் அவன் மட்டும்தான் இருந்தான்.

"தம்பி, உங்கிட்ட மட்டும்தான் சொல்றேன். வெளிய தெரிய வேணாம்."

"என்ன மாமா?"

"மாப்பிள்ளைக்கு கை நடுங்குது. காலைல டீ கப்பைக்கூட புடிக்க முடியல. நான் சொன்னேன்னு கேட்டுறாத, பாவம்."

அவன் ஒரு பூட்ஸை மாட்டியிருந்தான். இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மாப்பிள்ளைக்கு அப்போது கை நடுங்கவே இல்லை, மேடம். அன்று காலை நான்கு கப் டீயை ஒரே கையில் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தவர் அவர்.

இதை நீங்கள் கவனமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். நான் பொய் சொன்னது ஒரே ஒருவனிடம், ஒரே ஒரு தடவை. மீதிப் பேரிடம் அவர்களே சொல்லிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் ரேடியோ வந்தான். நடுக்களத்தில் ஆடுகிறவன், வாயை மூடினால் மூச்சு முட்டிவிடும் அவனுக்கு.

"மாமா, சும்மா கேக்கறேன். நம்ம கீப்பருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"யாரு சொன்னா? அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா. நீ ஆட்டத்தப் பாரு."

உண்மையைத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விட்டேன். பெருமூச்சு விடுவது குற்றமா என்று உங்கள் விதிப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவனாக வந்து தனியாகக் கேட்டான். ஒவ்வொருவனிடமும் இல்லை என்றே சொன்னேன். இல்லை என்று சொல்லச் சொல்ல அவர்கள் முகம் கறுத்துப்போனது. கடைசியாகக் கேப்டன் வந்து, யாரிடமும் சொல்ல வேண்டாம், பையன்கள் பயந்துவிடுவார்கள் என்று என்னைக் கேட்டுக்கொண்டான். சரி என்றேன்.

அடுத்த ஆட்டத்தை மைதானத்து ஓரம் உட்கார்ந்து பார்த்தேன். சாதாரணமாக ஒரு ஆட்டத்தில் இருபது தடவையாவது பந்து கீப்பர் காலுக்குத் திரும்பி வரும். அவரும் நிதானமாகப் பார்த்து வேறு பக்கம் அனுப்புவார். அன்று மூன்றே தடவை வந்தது. நெட்டை பந்தைக் கண்டாலே கூட்டத்துக்குள் உதைத்தான். நடுக்களத்தில் நிற்க வேண்டியவர்கள் எல்லாம் பின்னால் வந்து கோல் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். எப்படியோ ஒரு கோலில் ஜெயித்தார்கள். அடுத்த ஆட்டம் டிரா. அதற்கடுத்தது தோல்வி. இத்தனைக்கும் மாப்பிள்ளை அதுவரை ஒரு தப்பும் செய்யவில்லை. அந்தத் தோல்விக்குக் காரணமான கோல் கேப்டன் காலில் பட்டு உள்ளே போனது.

அன்று சாயங்காலம் வீட்டுப் பின்பக்கத்தில் அவருடைய கையுறையைச் சோப்புப் போட்டு அலசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மாமா, ஏன் யாரும் எனக்கு பந்து தரமாட்டேங்கறாங்க? நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். ஆனால் பெற்ற பிள்ளை போன்றவர் வந்து கேட்கும்போது எப்படிப் பதில் சொல்லாமல் இருப்பது?

"எனக்கென்ன தெரியும் மாப்பிள்ளை. உங்க கையப் பாத்து பயப்படறாங்களோ என்னமோ."

அவர் இரண்டு கையையும் நீட்டிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். நீங்களே ஒரு தடவை அப்படி நீட்டி உற்றுப் பாருங்கள், மேடம். உற்றுப் பார்த்தால் யாருக்கும் கொஞ்சம் ஆடும். மறுநாள் காலை டீ கொண்டுவந்தபோது கப்புக்கும் சாசருக்கும் நடுவே சத்தம் கேட்டது. என் மகள் திரும்பிப் பார்த்தாள். நான் சொன்னது அன்றைக்கு உண்மையாகிவிட்டது. உண்மையாகிவிட்ட பிறகு அதைப் பொய் என்று எப்படிச் சொல்வீர்கள்? அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

இறுதி ஆட்டம். டிரா செய்தாலே புள்ளிக் கணக்கில் கோப்பை நமக்கு. எண்பத்து மூன்று நிமிடம் வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஜெயித்துவிடுவார்களோ என்று நிமிடத்துக்கு ஒருதரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளதைச் சொன்னால் அந்த மைதானத்தில் அன்று ரொம்பவும் பயந்துபோயிருந்தவன் நான்தான். அப்போது எதிர் அணிக்காரன் ஒருவன் பந்தைச் சும்மா தூக்கி அனுப்பினான். மெதுவாகத் தத்தித் தத்தி வந்தது. என் பேத்திக்கு நான்கு வயது, அவளே பிடித்துவிடுவாள். மாப்பிள்ளை கத்திக்கொண்டே முன்னால் வந்தார். "விடு, விடு, நான் எடுக்கறேன்." நெட்டை விடவில்லை. அவருடைய கையை நம்பி விட அவனால் முடியவில்லை. அவன் காலை வீச, அவர் தயங்கி நிற்க, இரண்டு பேருக்கும் நடுவே பந்து நிதானமாக உள்ளே போனது. அவ்வளவு மெதுவாகப் போன கோலை நான் பார்த்ததில்லை.

மறுநாள் அந்தக் காட்சி எல்லோர் போனிலும் ஓடியது. விற்றுவிட்டான் என்று எவனோ ஒருவன் எழுதினான். நம் டீமுக்கு ஒருவன் எழுதினால் போதும் என்று உங்களுக்கு இப்போது தெரியும். பத்து பேரும் கையெழுத்துப் போட்டு உங்களுக்கு அனுப்பிய கடிதத்தைப் பாருங்கள், அந்தக் கோப்பில்தான் இருக்கும். "மூன்று வாரமாகவே குற்ற உணர்ச்சியில் அவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது" என்று எழுதியிருக்கிறார்கள். அதில் ஒருவன்கூட நடுங்கியதைக் கண்ணால் பார்த்தவன் இல்லை. முதல் கையெழுத்து நெட்டையுடையது.

கடல் தாண்டிய கிளப் பின்வாங்கியது. தாள் மேஜையிலிருந்து மறைந்தது. மாப்பிள்ளை கையுறையை அலமாரிக்கு மேலே போட்டுவிட்டு நாள் முழுக்கப் படுக்கையறையில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேத்தியை அவள் பள்ளியில் யாரும் சேர்த்துக்கொள்வதில்லை. ஒருநாள் என் மகள் என் தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள். "எல்லாரும் விட்டுட்டாங்க. நீங்க மட்டும்தான்ப்பா எங்க பக்கம்" என்றாள். கல்யாணமான பிறகு அவள் அப்படி என் தோளில் சாய்ந்ததே இல்லை. எனக்கு மனம் நிறைந்துவிட்டது. இதை மறைக்க விரும்பவில்லை.

அப்படியானால் இப்போது ஏன் வந்து ஒப்புக்கொள்கிறாய் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. போன வாரம் அவர்கள் பெட்டியை எடுத்து வெளியே வைத்தார்கள். இந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை, மாப்பிள்ளையின் அண்ணன் இருக்கிற ஊருக்கே போய்விடலாம் என்று முடிவாம். பன்னிரண்டு மணி நேரப் பயணம். அதனால் அவருடைய கெட்ட பெயர் போக வேண்டும். பெயர் சுத்தமானால் அவர்கள் இங்கேயே இருப்பார்கள். அதற்காக என் வேலை போனாலும் பரவாயில்லை, பத்துப் பேர் என்னைக் காறித் துப்பினாலும் பரவாயில்லை. ஒரு தகப்பன் இதற்கு மேல் என்ன செய்ய முடியும் சொல்லுங்கள்.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். கோல்கீப்பர் ஆட்டத்தை விற்கவில்லை. அவர் மேல் பொய்யைக் கிளப்பி, டீமைப் பயமுறுத்தி, அவரையும் பயமுறுத்தி, கோப்பையைத் தோற்க வைத்தது அவருடைய மாமனார். கையெழுத்து எங்கே போட வேண்டும்?

இருங்கள், ஒரு சின்ன விஷயம். நேற்று அந்தக் கடல் தாண்டிய கிளப்பிலிருந்து மறுபடி போன் வந்தது. விசாரணையில் பெயர் சுத்தமாகிவிட்டால் பேசலாமாம். உங்கள் அறிக்கையின் நகல் ஒன்று தங்களுக்கு வேண்டும் என்றார்களாம். இன்று காலை பொத்தான் தைத்து முடித்த பிறகு பார்த்தேன், அந்தத் தாள் திரும்பவும் மேஜை மேல் இருக்கிறது. மூன்று பெயர்தான்.

அதனால் கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அவர் நிரபராதி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கை இன்னும் நடுங்குகிறது. உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன், மேடம். வெளியே தெரிய வேண்டாம், அறிக்கையில் இருந்தால் போதும்.

மற்றதெல்லாம் நான் சொன்னது சொன்னபடியே இருக்கட்டும். முதலிலும் இப்போதும் பொத்தான், ஊசி, நூல் என்று ஏதோ சொன்னேனே, அதை மட்டும் அடித்துவிடுங்கள்.